பாஸ்போர்ட் மாறினால் படித்த பள்ளி அந்நியமா?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தங்களைத் தளர்த்தாமல் வைத்திருப்பது திருச்சி மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

மண்ணச்சநல்லூரில் படித்துவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை, தன் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சொந்தச் சேமிப்பிலிருந்து பணம் அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதும் அதே மனிதரின் அதே சம்பளப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடுகிறது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் இதே கதிதான். சிங்கப்பூரும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து எந்த நாடுகளுக்கு விமானங்கள் போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு, இந்த விதியால் அடிபடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டு நன்கொடையை வாங்க, சங்கம் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளட்டும் என்கிறார்கள். பதிவு கேட்கும் சங்கம் 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்கவும் வேண்டும். கழிப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூலிக்கிற சங்கத்தில் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்? அவ்வளவு பணம் இருந்தால் கடல் தாண்டி ஏன் உதவி கேட்கிறார்கள்? முன் அனுமதி என்ற இன்னொரு வழி இருக்கிறது. அதற்கும் டெல்லிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் பணம் முதலில் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வரவாக வேண்டும். பதிவு பெற்ற பெரிய அமைப்பு நன்கொடை வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்ததையும் அதே திருத்தம் தடை செய்துவிட்டது.

திருச்சி என்.ஐ.டி.க்கு இந்தத் தொல்லை கிடையாது. சட்டத்தால் அமைக்கப்பட்டு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு விலக்கு தந்திருக்கிறார்கள். வசதியான பழைய மாணவர்களைக் கொண்ட நிறுவனத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. ஊர்ப் பள்ளியின் சங்கத்துக்குப் பூட்டு.

தேசப் பாதுகாப்புக்குக் கண்காணிப்பு வேண்டும்தான். பத்தாம் வகுப்புக்கு பெஞ்சு வாங்கித் தருவதில் பாதுகாப்புக்கு என்ன கேடு?

மத்திய அரசை நடத்தும் இவர்களிடம் இந்தப் போக்கு புதிதும் அல்ல. 2016-ல் பணமதிப்பு நீக்கத்தின்போது வெளிநாட்டில் இருந்த இந்தியர்கள், ஆண்டு முடிந்தபின் பழைய நோட்டை மாற்ற நாடு முழுவதற்கும் 5 ரிசர்வ் வங்கி அலுவலகங்களையே ஒதுக்கினார்கள். திருச்சியில் வந்து இறங்கியவர் சென்னைக்கு அலைய நேர்ந்தது. அதே 2016-ல், 2004 முதல் இயங்கிய வெளிநாடுவாழ் இந்தியர் அமைச்சகத்தைக் கலைத்து வெளியுறவுத் துறையோடு சேர்த்தார்கள். 2021 மார்ச்சில் கல்லூரிச் சேர்க்கையில் ஓ.சி.ஐ. பிள்ளைகளைப் பொதுப் பிரிவு இடங்களிலிருந்து விலக்கி, என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டுக்குள் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே உத்தரவு வந்தது.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு 1925-ல் தொடங்கியது. தன்னிடம் உதவித்தொகை பெற்றுப் படித்துத் தாய்நாடு திரும்பிய அயல்நாட்டாரைக்கூடத் தன் முன்னாள் மாணவர்களாகத் தொடர்பில் வைத்திருக்கிறது. நாமோ சொந்த ஊர்க்காரனை அந்நியனாக்குகிறோம்.

தான் படித்த பள்ளிக்கு ஒருவர் நேர்மையாக உதவ நேரான, எளிய வழி ஒன்று வேண்டும். அதைத் திறக்காதவரை, ஜனவரி 9-ல் வெளிநாடுவாழ் இந்தியர் தின மேடையேறி அவர்களைச் சொந்தங்கள் என்று அழைக்க இவர்களுக்கு உரிமை இல்லை.