சந்தாதாரரின் முகவரி யார் கையில்?

2020 ஜூன் 29 இரவு மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. கிராமத்தில் இருந்தபடியே லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எடுத்த வீடியோக்கள் அவர்கள் போனில் அப்படியே இருந்தன; காப்புரிமையும் அவர்களுடையதுதான். பார்க்கிறவர்களிடம் போய்ச்சேரும் வழிதான் அடைபட்டது. தடை சரியா, தவறா என்பது வேறு பேச்சு. இணையத்தில் தனியாக இயங்குகிற படைப்பாளியின் உரிமை என்றாலே நாம் காப்புரிமையோடு நின்றுவிடுகிறோம். ஆக்கம் யாருடையது என்பதோடு, அதைத் தேடி வருபவரின் போன் எண்ணோ மின்னஞ்சலோ யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பிழைப்பு இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

யூடியூபையே எடுத்துக்கொள்வோம். வீடியோவின் உரிமை உங்களுடையதே என்று அதன் விதிமுறை சொல்கிறது. கூடவே, உலகெங்கும் காசு தராமல் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியையும் வாங்கிக்கொள்கிறது. நீள வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. பத்து சதவீத ராயல்டி ஒழுங்காக வந்தாலே பெரிது என்றிருக்கும் நம் பதிப்புலகத்தை நினைத்தால் இது தாராளம்தான். ஆனால் பத்து லட்சம் சப்ஸ்கிரைபர்கள் இருந்தாலும், அவர்களில் ஒருவருடைய முகவரியைக்கூட யூடியூப் சேனல்காரருக்குத் தருவதில்லை. 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடலாம்.

சட்டம் துணை நிற்காமல் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடிய 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: கையெழுத்திட்டபோது இல்லாத ஊடகத்துக்கு, ஒப்பந்தம் அதைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால், பழைய ஒப்பந்தம் செல்லாது. சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில்தான் இந்தப் பிரிவுகளில் பல பேசுகின்றன. ‘எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு எடுபடாது. முன்பணத்தைப் பேரம் பேசுவதற்கு முன் அந்த வரியை அடித்து, ‘மூன்று ஆண்டு, இந்தியா மட்டும்’ என்று எழுதிக் கேட்பது நல்லது. மறுத்தால், ஒப்பந்தத்தை நீட்டியவர்கள் எதை வாங்க வந்தார்கள் என்பதாவது தெரிந்துவிடும்.

பெரிய தளங்கள் இல்லாவிட்டால் புதியவரை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தளங்களை விட்டு ஓடச் சொல்லவில்லை. சந்தைக்குப் போய்க் கடை போடுகிறவர் வாடிக்கையாளரிடம் தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு வருவதைப் போல, ஒவ்வொரு வீடியோவின் கீழும் தன் சொந்தத் தளத்துக்கும் மின்னஞ்சல் மடலுக்கும் வழி வைத்தால் போதும். இன்னொரு மறுப்பு கனமானது: தமிழர்கள் காசு கொடுத்துப் படிக்கவோ பார்க்கவோ மாட்டார்கள். இதற்குச் சாட்சியாக எழுத்தாளர் சி. சு. செல்லப்பாவையே நிறுத்தலாம். 1959இல் சந்தாவை நம்பி ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இதழும் அவருடையது, சந்தாதாரர் பட்டியலும் அவருடையது. ஆனாலும் புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராக விற்க வேண்டியிருந்தது, 1970இல் இதழும் நின்றது. பட்டியல் கையில் இருந்தால் மட்டும் சோறு கிடைத்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் செல்லப்பாவின் வாசகர் தபால் நிலையத்துக்குப் போய், படிவம் நிரப்பி, கமிஷனும் கட்டி மணியார்டர் அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மறக்காமல் அனுப்ப வேண்டும். அந்தச் சிரமத்திலேயே பாதிச் சந்தா கரைந்திருக்கும் என்பது என் ஊகம். இன்று டீக்கடையில் பதினைந்து ரூபாயை யுபிஐயில் தருகிறோம். மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஆட்டோபே வசதியும் 2020இலேயே வந்துவிட்டது. மாதம் நூறு ரூபாய் வீதம் முந்நூறு பேர் தந்தால் முப்பதாயிரம் ரூபாய். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு சிறு குடும்பம் நெருக்கிப்பிடித்து நடத்த அது போதும். பத்து லட்சம் பேரில் அந்த முந்நூறு பேர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.