கட்டுவதற்கு 2 லட்சம், காப்பதற்கு 30,000

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் குதிரமாளிகையின் முன் அண்ணாந்து நிற்பவர்கள் இறவாரத்தின் அடியிலுள்ள மரக்குதிரைகளை எண்ணுவார்கள், 122 என்பார்கள். அக்குதிரைகளை மழையிலிருந்து காத்துவரும் ஓடுகளை எவரும் எண்ணுவதில்லை.

மேற்குக் கரையில் ஓடு ஒருகாலத்தில் அந்தஸ்தின் அடையாளம். எளியோரின் கூரை ஓலைதான். பாஸல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சீமை ஓடு சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. நம்மவர் வாழும் வலியசாலை அக்கிரகாரத்தின் சரிந்த கூரைகளும் இம்மண்ணின் மழையை அறிந்தவையே. இன்று அந்த வரிசைகளுக்கு நடுவே கான்கிரீட் தளங்கள் முளைக்கின்றன.

உடைமையாளரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. ஓட்டு வீட்டுக்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும். இடவப்பாதி மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். கறையான் அரித்த ரீப்பரை அகற்ற வேண்டும். வேலை தெரிந்த தச்சரோ அருகிவருகிறார். ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்து இரவைக் கழிப்பவரிடம், தெருவின் அழகுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

நமது வரிச்சட்டத்தின் கணக்கையும் பாருங்கள். பழைய வரிமுறையில், தாம் குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதே வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனென்றால் 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு. புதிதாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் சலுகை, காப்பவருக்குக் கிடைப்பதில்லை. நூறாண்டு நின்ற வீட்டுக்கேனும் இந்த வரம்பை உயர்த்துவதே முறை. வங்கிகளும் வீட்டுச் சீரமைப்புக் கடனைப் பற்றி, புதுவீட்டுக் கடனுக்கு நிகராக எடுத்துச் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கவும் கடன் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது.

கூரையை மாற்றியே தீரவேண்டிய நிலையிலும் ஓட்டைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. இந்நகரில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட் வார்த்தார். சுமை தாங்குவதில் பங்கில்லாத இடத்தில் சிமென்ட் மிச்சமாயிற்று, செலவும் குறைந்தது.

காப்பது ஏக்கத்தின் பெயரால் நடக்காது. கணக்கு ஒத்துவந்தால்தான் நடக்கும். அடுத்த இடவப்பாதிக்கு முன் உங்கள் கூரையை ஒருமுறை ஏறிப் பார்க்கச் செய்யுங்கள். ஓர் ஓட்டை இன்று மாற்றினால், ஓர் உத்திரத்தை நாளை மாற்ற வேண்டியிராது.