மறு உத்தரவு வரும் வரை

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு 'மறு உத்தரவு வரும் வரை' என்ற வாசகம் நன்றாகத் தெரியும். தற்காலிகமாகப் போட்ட ஆணை, மறு உத்தரவு வராமலே இருபது வருடம் ஓடிவிடும். நம் வயதுக்காரர்களின் மாத்திரை டப்பாவும் அப்படித்தான்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மருந்துச் சீட்டை அந்த மொழியில் 'ஒர்தொனான்ஸ்' என்பார்கள். அரசாணைக்கும் அதே சொல்தான். பதினைந்து வருடமாக நானும் அதை ஆணையாகவே நினைத்து விழுங்கி வந்தேன்.

போன வருடம் விடியற்காலையில் எழுந்தால் தலை சுற்றியது. ஒருநாள் கொல்லையில் விழுந்துவிட்டேன். மருத்துவர் உட்கார வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கியது. இரண்டு பிரஷர் மாத்திரைகளில் ஒன்றைப் பாதியாக்கினார். தலைசுற்றல் நின்றது.

இதைப் பேராவூரணி கடைத்தெரு முழுக்கச் சொன்னேன். என் மைத்துனர் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் கொறைச்சாச்சுல்ல மச்சான், எனக்கு மட்டும் எதுக்கு?" என்று தன் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார். அவர் மாரடைப்பு வந்தவர். நிறுத்தியது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. நாலாம் நாள் நெஞ்சுவலி. ராத்திரியோடு ராத்திரியாகத் தஞ்சாவூருக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். என் வாயால் வந்த வினையோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு பேரன் உதவியுடன் பிரான்ஸில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். 2024-ல் வந்தது, மாரடைப்பிலிருந்து தேறிய சுமார் 3,700 பேரைப் பற்றியது. மைத்துனர் நிறுத்திய அதே வகை மாத்திரையை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 19 பேரும், தொடர்ந்தவர்களில் 17 பேரும் இதய, ரத்தநாளக் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நிறுத்தினால் பாதகமில்லை என்று நிரூபிக்க முடியவில்லை. 2025-ல் வந்தது, முதியோர் இல்லங்களில் இருந்த, 80 வயது தாண்டிய தளர்ந்தவர்களைப் பற்றியது. அவர்களுக்குப் பிரஷர் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்ததால் சாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரே நாட்டில் இரண்டு விடை. ஏனென்றால் மாத்திரையும் வேறு, ஆளும் வேறு. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு விட்டால் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி விழும் கிழவருக்கு இன்னொரு மாத்திரையே இடுப்பெலும்பை முறிக்கலாம்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். ஆனால் இன்னும் இது தேவையா என்று கேட்க நாம்தான் மருத்துவரைத் தேடிப் போக வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைசுற்றல், விழுந்தது, சோர்வு எதையும் மறைக்காதீர்கள். "இதில் எதையாவது குறைக்கலாமா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. மறு உத்தரவு அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். மனு கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

என்னைப் போலக் கடைத்தெருவில் மட்டும் வைத்தியம் சொல்லாதீர்கள்.