மஞ்சக் கடுதாசிக்கு முன்னால

"ஐ.பி. குடுத்துடலாமாடா?" திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல மாமா என்னைக் கேட்டார். குரல்ல அவமானம். ஊர்ப் பெரிய மனுசன் மஞ்சக் கடுதாசி குடுத்தா 'நொடிச்சுப் போயிட்டார்'. சேரிக்காரன் குடுத்தா 'ஏமாத்துக்காரன்'.

திவால் மனு பிச்சையல்ல, சட்டம். சென்னைக்கு வெளியே 1920ஆம் வருசத்து மாகாணத் திவால் சட்டம்தான் இன்றைக்கும் நமக்கு. ஏழையின் சிறுகடனைக் கழிக்கிற பகுதி 2016 சட்டத்தில் இருக்கிறது, அமலுக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கோ 2019லேயே வந்துவிட்டது!

மனு போட்டதுமே கடன் தீராது தோழர்களே. கோர்ட்டு திவால் என்று அறிவிக்கும், சொத்து ரிசீவர் கைக்குப் போகும். குறித்த கெடுவுக்குள் விடுதலை கேட்காவிட்டால் அறிவிப்பே ரத்து. மனுவுக்கு முந்தின இரண்டு வருசத்துக்குள் மச்சான் பேருக்குச் சும்மா எழுதிவைத்த நிலம் நிற்காது. ஜாமீன் போட்டவரும் தப்பமாட்டார். ஆனால் சமையல் பாத்திரம், தொழில் கருவி, கூலிக்காரர் குடியிருக்கிற அடமானம் வைக்காத வீடு, இவற்றில் கைவைக்க முடியாது.

சரி, மாமாவின் கடன் என்ன? செங்கல் சூளை அட்வான்ஸ். அதைக் காட்டிக் குடும்பத்தையே பிடித்துவைத்து, வேறு வேலைக்கு விடாமல் உழைப்பு வாங்குகிறான். இதற்குப் பேர் கடனில்லை, கொத்தடிமை. 1976ஆம் வருசத்துச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்திருக்கிறது. விழுப்புரத்தில் வக்கீல் தேட வேண்டியதில்லை. திண்டிவனம் சப்-கலெக்டரிடம் மனு போதும்.

படித்த தோழர்களே, மனு எழுதுமுன் ஒன்று கேளுங்க: யாருக்கு யார் பாக்கி?