மீன் வயிற்றில் கேட்காத துஆ



போன கிழமை தரம் 9 இஸ்லாம் பாடத்தில் யூனுஸ் நபியின் வரலாறு. மணியடிக்கப் போகிற நேரம் பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், மீன் வயித்துக்குள்ள இருந்து 'என்னைக் காப்பாத்து' எண்டு அவங்க கேக்கவே இல்லையே?"

இருபது வருஷத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். நான் கவனிக்காத விஷயம்.

ஸூரத்துல் அன்பியாவின் 87ஆம் வசனத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அல்லாஹ் ஒருவன் என்ற சாட்சியம் முதலில் வருகிறது. பிறகு அவன் தூயவன் என்ற தஸ்பீஹ். கடைசியில், பிழை செய்தவன் நான் என்ற ஒப்புதல். வெளியே எடுத்துவிடு என்ற சொல் இல்லை. அவர் தஸ்பீஹ் செய்பவராக இருந்திராவிட்டால் எழுப்பப்படும் நாள்வரை அங்கேயே கிடந்திருப்பார் என்று ஸூரா அஸ்ஸாப்பாத் சொல்கிறது.

இத்தனைக்கும் அவருக்குக் குற்றம் சொல்ல ஆள் இருந்தது. சொன்னதைக் கேட்காத ஒரு ஊரே இருந்தது. அவர்களை அந்த துஆவுக்குள் இழுக்கவில்லை.

நாம்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரை நெடுகிலும் ஜனாஸா அடக்கிக்கொண்டிருந்தோம். மண் காய முதல், "இது பாவத்துக்கு வந்த தண்டனை" என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். யாருடைய பாவம்? எப்போதும் அடுத்தவனுடையது. அல்லாஹ்வின் வல்லமையைச் சொல்கிறோம் என்ற நினைப்பு வேறு. இப்போதும் வெள்ளமோ மண்சரிவோ வந்தால் அதே பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்குப் பெயர் தஸ்பீஹ் அல்ல. அல்லாஹ்வின் பெயரில் நாம் தீர்ப்பு எழுதுகிறோம், அவ்வளவுதான்.

அல்லாஹ்வை முதலில் வைப்பதென்றால் அழக்கூடாது என்றும் இல்லை. யஃகூப் நபி மகனுக்காக அழுதே கண்பார்வை இழந்தார். முறைப்பாட்டை மட்டும் அல்லாஹ்விடம் வைத்தார். மையித்து வீட்டுக்குப் போய் "ஸபர் செய்ங்க, அழாதீங்க" என்று அதட்டுகிறவர்கள் இதையும் ஒருக்கால் ஓதிப் பார்க்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2005 தை மாதம் முகாமில், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு உம்மாவிடம் நானும் அந்தத் தண்டனைக் கதையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். பிறகு தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த உம்மாவின் கதையில் இருந்துதான் தொடங்கப் போகிறேன்.