எவ்வணி அழைக்கும்?

சென்ற கிழமை பாடம் முடிந்தபின் எமது வகுப்பு மாணவர் சிலர் கூடிநின்று வாதாடக் கண்டோம். பரீட்சையைப் பற்றிய கவலையாக்கும் என்றெண்ணி அணுகினோம். விஷயம் வேறு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிகளுள் எது எந்த இளைஞனைத் தெரிந்தெடுக்கும் என்பதே வாதம். “இந்த எதிர்வுகூறல்கள் பலிப்பதுண்டா, சேர்?” என்று ஒருவன் எம்மையும் அதனுள் இழுத்தான். விடை சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. அவ்விடையை இவ்வாரம் இப்பகுதியில் எழுதுகின்றோம்.

இவ்வழக்கத்தை அறியாத வாசகர்க்கு முதலில் ஒரு வார்த்தை. என்.பி.ஏ. எனப்படும் அச்சங்கத்தின் அணிகள், ஆண்டுக்கொரு முறை, புதிதாய் ஆடவரும் இளைஞரை வரிசைப்படி ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கும். இதற்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். வென்ற அணிக்கு இங்கே முன்னிடம் இல்லை. தோற்ற அணிக்கே முன்னுரிமை. வலியார் மேலும் வலியராகாது தடுப்பது அதன் நோக்கம். ஆயினும், முன்னிடம் பெறவேண்டி அணிகள் வேண்டுமென்றே தோற்கக்கூடும் அன்றோ? ஆகவே 1985ஆம் ஆண்டிலே லொத்தர் முறையையும் சேர்த்தனர். நாம் சொல்லப்போகும் 2009ஆம் ஆண்டில், 14 பந்துகளைப் பொறியிலிட்டு அவற்றுள் நான்கினை எடுத்து, முதல் மூன்று இடங்களைத் தீர்மானித்தனர். நான்கு பந்துகள் சேரும் விதங்கள் 1,001. கணித மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

தெரிவு நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே எதிர்வுகூறுவோர் தம் பட்டியல்களை வெளியிடத் தொடங்குவர். அவர்கள் வெறும் ஊகக்காரர் அல்லர். எந்த அணிக்கு எத்தனையாவது இடம், அதற்கு எவ்வகை வீரர் குறைவு, இளைஞனின் உயரம் என்ன, கல்லூரி ஆட்டங்களில் அவன் பெற்ற புள்ளிகள் எத்தனை என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தே எழுதுவர். ‘பொயின்ற் கார்ட்’ எனப்படும் ஆட்டக்காரனைப் பற்றிய கணிப்பே இவற்றுள் கடினமானது. பந்தை ஏந்திவந்து, மற்றை நால்வரையும் ஆட்டுவிப்பவன் அவன். கையின் திறமையை அளக்கலாம். ஆட்டத்தை நடத்தும் புத்தியை எந்த நாடாவினால் அளப்பது?

2009ஆம் ஆண்டில் அத்தகைய இளைஞர் ஒருவர் இருந்தார். ஸ்டீபன் கறி என்பது அவர் பெயர். பெயரைக் கேட்டதும் எம் சகோதரிகள் அடுக்களையை நினைக்கவேண்டாம்! தந்தையார் டெல் கறி அச்சங்கத்திலே 16 பருவங்கள் ஆடியவர். ஆயினும் மைந்தர் மெலிந்தவர், உயரம் போதாதவர் என்று பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாயிரத்துக்குக் குறைவான மாணவரைக் கொண்ட டேவிட்சன் கல்லூரியே அவரை ஏற்றது. 2008இல் அச்சிறு கல்லூரி பெரிய அணிகள் மூன்றினை அடுத்தடுத்து வீழ்த்தி, அவ்வாண்டு வாகைசூடிய கன்சாஸ் அணியிடம் 59க்கு 57 என இரண்டே புள்ளிகளால் தோற்றது. மறு பருவத்தில், ஆட்டமொன்றுக்குச் சராசரி 28.6 புள்ளிகள் பெற்று நாட்டுக் கல்லூரி வீரருள் முதல்வரானார் கறி. பொயின்ற் கார்ட் பொறுப்பை முழுமையாக ஏற்றதும் அந்த ஒரு பருவத்திலேதான். ஆதலின் ஐயங்கள் தீரவில்லை.

எவ்வணி அழைக்கும்? நியூயோர்க் என்ற பேச்சே பலமாக இருந்தது. அவர் தரப்பினரும் அதனையே விரும்பினர். நியூயோர்க்கின் இடம் எட்டாவது. அதற்கு முன்னே ஐந்தாம், ஆறாம் இடங்கள் மினசோட்டா அணிக்கு உரியன. அவற்றுள் ஐந்தாவது, தெரிவுக்குச் சற்று முன்னர்தான் வாஷிங்டனிடமிருந்து கைமாறி வந்தது. இத்தகைய கைமாற்றங்களே பட்டியல்களைக் கவிழ்த்துவிடுவன.

யூன் 25ஆந் திகதி, நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் தெரிவு நடைபெற்றது. முதலிடத்தில் பிளேக் கிரிஃபின். அது எல்லோரும் எதிர்பார்த்ததே. இரண்டாவது, 7 அடி 3 அங்குல உயரமுள்ள தன்சானிய நாட்டவரான ஹசீம் தபீற். மினசோட்டாவோ, தனக்குக் கிடைத்த இரண்டு இடங்களிலும் பொயின்ற் கார்ட் இருவரையே எடுத்தது. அவ்விருவருள் கறி இல்லை! ஸ்பானியரான ரிக்கி ரூபியோவும் ஜொனி ஃபிளினும் அழைக்கப்பட்டனர். நியூயோர்க் ரசிகர் மகிழ்ந்திருப்பர். ஆனால் ஏழாவது இடத்திலிருந்த கோல்டன் ஸ்டேற் அணி இடைமறித்துக் கறியை எடுத்துக்கொண்டது. ஓரிடம் பிந்தியதால் நியூயோர்க் அவரை இழந்தது.

போய்ச்சேர்ந்த இடத்திலும் வரவேற்பு இனிதாயில்லை. அங்கே முன்னரே இருந்த மொன்ரா எல்லிஸ், தாமிருவரும் சேர்ந்து ஆடுவது இயலாது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2011-12 பருவத்தில் கணுக்கால் உபாதையினால் கறி ஆடியவை 26 ஆட்டங்களே. 2012இல் அவ்வணி நான்கு ஆண்டுகளுக்கு 44 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தபோது, அது துணிகரச் செயல் என்றே பலர் கருதினர்.

பின்னர் நிகழ்ந்தவற்றை எம் மாணவர் அறிவர். 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி வாகைசூடிற்று. 2016இல் மிகச்சிறந்த வீரர் விருதுக்கு நடுவர் அனைவரும் கறியின் பெயரையே எழுதினர். அத்தகைய ஏகமனதான தெரிவு அச்சங்க வரலாற்றில் அதுவே முதன்முறை. 2021 திசம்பர் 14ஆந் திகதி, தமது 2,974ஆவது மூன்று புள்ளி எறிகையினால் அதுவரையிருந்த சாதனையை முறியடித்தார். நிகழ்ந்த இடம் எது தெரியுமா? தம்மை அழைக்கத் தவறிய நியூயோர்க்கின் அதே மடிசன் ஸ்குவெயர் கார்டன்! அயலூர் வீரர் என்று பாராது அங்கிருந்தோர் எழுந்துநின்று கரகோஷஞ் செய்தனர்.

இதனால் எதிர்வுகூறியோர் அறிவிலிகள் என்று எண்ணிவிடலாகாது. கிரிஃபினைப் பற்றிய கணிப்புச் சரியாகவே இருந்தது. ஆயினும் முழங்கால் உபாதையால் அவர் தமது முதற்பருவம் முழுவதையும் இழந்தார். தபீற் ஐந்து பருவங்களுடனும் ஃபிளின் மூன்று பருவங்களுடனும் அச்சங்கத்தை விட்டு நீங்கினர். ஆகவே, மாணவனே, உன் கேள்விக்கு விடை இது: எவ்வணி அழைக்கும் என்பது ஓரளவு பலிக்கும். அழைக்கப்பட்டவன் என்ன ஆவான் என்பது வேறு கேள்வி. முன்னதற்கு விடை கண்டவுடன் பின்னதற்கும் கண்டுவிட்டதாக எண்ணுவதே தவறு.

அத்தவற்றை நாமும் செய்திருக்கின்றோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவனின் தந்தையாரிடம், “கணிதம் இவனுக்கு வராது, வேறு துறையைப் பாருங்கள்” என்று உறுதியாகச் சொன்னோம். புள்ளிகளைப் பார்த்துத்தான் சொன்னோம், புள்ளிகளில் பிழையில்லை. அவன் இரண்டாம் முறையும் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தான். இன்று ஒரு கல்லூரியில் கணிதமே கற்பிக்கின்றான். சென்ற ஆண்டு கோயில் வீதியிலே எம்மைக் கண்டு, மேற்சட்டையைக் களைந்த தோளுடன் கும்பிட்டு நலம் விசாரித்தான். எமது பழைய வார்த்தையை அவன் எடுக்கவேயில்லை. நாமும் எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

இன்னும் சில வாரங்களில் பெறுபேறுகள் வெளிவரும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதனை வெட்டுப்புள்ளி தீர்மானிக்கும். அது நம் கையில் இல்லை. விரும்பிய இடம் ஓரிடத்தால் தவறிய பிள்ளை வீட்டுக்கு வரும்போது, பெற்றோர் அதன் எதிர்காலத்தை அன்றிரவே கணித்து முடித்துவிடாதிருக்க வேண்டுகின்றோம். சோறு போட்டு உறங்கவிடுங்கள். மற்றவற்றைக் காலையில் பேசலாம்.