அக்கி எழுதினால் மட்டும் போதுமா?

போன வருஷம் பனிமய மாதா கோவிலில் கொடியேறிய அன்றுதான் என் மாமியாருக்கு வலது விலாவில் எரிச்சல் ஆரம்பித்தது. "சவம், வாய்வு பிடிச்சிருக்கும்ளா, சுக்குக் கஷாயம் போடு" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் முதுகிலிருந்து மார்பு வரை, ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்ட மாதிரி நீர்க்கொப்புளங்கள். கூச்சப்பட்டு என்னிடம்கூடக் காட்டவில்லை. ரவிக்கை போட முடியாமல் தவித்தபோதுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "இது அக்கிதான், வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். மூன்று நாள் காவி குழைத்து எழுதிக்கொண்டு வந்தோம். எழுதியவர் காசு கேட்கவில்லை. வெற்றிலை பாக்கோடு வைத்ததை வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காவி பூசினால் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கைவிட்டுப் போனது அந்த மூன்று நாள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 5 திருநாள் முடிந்த மறுநாள் டாக்டரிடம் போனோம். "கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அசைக்ளோவிர் மாத்திரை நல்லா கேட்டிருக்கும்மா" என்றார். சின்ன வயதில் வரும் அம்மைக் கிருமி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லையாம். நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பு வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். நானோ இத்தனை நாளும் பல்லி எச்சில் என்றுதான் நம்பியிருந்தேன்! இந்தத் தொடர்பை 1965-இல் விளக்கி எழுதியவர் ஹோப் சிம்ப்சன் என்ற இங்கிலாந்துக்காரராம். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் அல்ல, நம் தெரு டாக்டர் மாதிரி ஒருவர். ஒன்பதாவது படிக்கும் என் மகள் தேடிச் சொன்னாள்.

இதற்குள் பிள்ளைத்தாச்சியான என் நாத்தனார் வேறு அம்மாவைப் பார்க்க ஓடி வந்துவிட்டாள். அம்மை வராதவர்கள் மேல் கொப்புள நீர் பட்டால் அவர்களுக்கு அம்மை வந்துவிடும். நல்லவேளை, அவளுக்குச் சின்னதிலேயே வந்து போயிருந்தது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே ஓட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

புண் மூன்று வாரத்தில் ஆறியது. வலி ஆறவில்லை. கிறிஸ்துமஸ் வரை, சேலைத் தலைப்பு பட்டால்கூட "தீயை அள்ளி வச்ச மாதிரி இருக்குளா" என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பார்கள். வயசானால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போன உறவினர்கள் ஒரு ராத்திரி கூட இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஷிங்ரிக்ஸ் என்று பெயர். 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. வந்த அக்கியை இது ஆற்றாது, வராமல் தடுக்கத்தான். கை வலியும் காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். ஆனால் ஒரு ஊசியே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்!

என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வேறு. போடலாமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு இருபதாயிரம்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாதம் அது. நான் சண்டை போடவில்லை. அத்தைக்கு நரம்பு மாத்திரை, ஆட்டோ, டாக்டர் ஃபீஸ் என்று ஆன செலவைக் காலண்டர் பின்னால் எழுதிக் காட்டினேன். பேசாமல் இருந்துவிட்டார்.

எங்களால் சீட்டுப் பணத்தை எடுக்க முடிந்தது. உப்பளத்தில் வெயிலில் நிற்கிற அறுபது வயது அம்மாக்கள் எங்கே போவார்கள்? அரசு இலவசத் தடுப்பூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் யோசிக்கிறது. சர்க்கரை உள்ள முதியவர்களுக்காவது பாதி விலையில் அரசு ஆஸ்பத்திரியில் போடக் கூடாதா?

அம்மாவுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. அடுத்தது ஆவணியில். அத்தைதான் தேதியை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி